முத்திரையை வெட்டாதீர்கள்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய கடதாசி வாங்கும்போது கடிதக் கட்டுகளும் வரும். முத்திரையை வெட்டிக்கொண்டு உறையை எறிவது நம்மவர் வழக்கம். அங்கேதான் நஷ்டம். தேயிலைத் தொழில் நூற்றாண்டுக்கு 1967இல் வெளியான முத்திரை தனியே மலிவு. அதுவே முழு உறையில், பசறை போன்ற சிற்றூர்த் தபாற்கந்தோர்ச் சீல் தெளிவாக விழுந்திருந்தால் சேகரிப்பவர் கூடுதலாகத் தருவார். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனியின் தேயிலைத் தோட்டப் படத் தபாலட்டைகளும் அப்படித்தான். பின்பக்கம் எழுதியிருந்தால் குறையல்ல.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியா போனவர்கள் லயத்துக்கு எழுதிய கடிதங்களும் இந்தக் கட்டுகளில் இருக்கும். அவை பிறருடைய அமானிதம். உறைக்கு மட்டும் விலை சொல்லி, கடிதத்தை வீட்டாரிடமே கொடுத்துவிடுவேன். சிலர் வாசித்துவிட்டு உறையையும் தரமாட்டோம் என்பார்கள். பிளேன்டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிவிடுவேன்.