பிளாச்சிமடைக் கிணறும் அமெரிக்கச் செல்வமும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே எல்லை கடந்து பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் நுழைவோர், கேரளம் என்றதும் மனக்கண்ணில் தோன்றும் ஈரப்பசுமையை அங்கே உடனே காண்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடப்பதால் மழை குறைந்த பகுதி அது. சில இடங்களில் மண்ணும் கொங்கு நாட்டுக் கரிசலையே நினைவூட்டும். பேச்சிலும் தமிழ் மிகுதி. ஆழியாற்றின் வழியே வந்து சித்தூர்ப்புழையாகும் நீரே அவ்வட்டத்து வயல்களுக்கு உயிர். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் அதற்கு உரியது என்று 1970 ஆம் ஆண்டில் இரு மாநில அரசுகளும் கையொப்பமிட்டன. ஒரு குடம் நீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டாத மக்கள் அவர்கள்.

அவ்வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்றொரு சிற்றூர் உண்டு. இரவாளர், மலசர் என்னும் பழங்குடியினரே அங்குப் பெரும்பாலோர். நிலமின்றிக் கூலிவேலையால் வாழ்பவர்கள். அவ்வூரில் 2000 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தில், அமெரிக்கக் கோகோ கோலா நிறுவனத்தின் இந்தியக் கிளை பான ஆலை ஒன்றைத் திறந்தது. ஊராட்சி மனமுவந்து உரிமம் வழங்கியது. வரி வரும், வேலை வரும் என்ற எதிர்பார்ப்பைக் குறை கூறுவதற்கில்லை. வேலை தேடி ஊர்விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய தமிழராகிய நாம், ஓர் ஆலை எழும்போது ஏழைக் குடும்பங்களில் எழும் நம்பிக்கையை நன்கு அறிவோம்.

ஆலை ஆழ்குழாய்க் கிணறுகளை அமைத்து நீர் எடுத்தது. ஈராண்டு கழிவதற்குள் சுற்றுவட்டாரப் பெண்கள் முறையிடத் தொடங்கினர். கிணறுகளில் நீர் இறங்கிவிட்டது. எஞ்சிய நீரும் கடுத்துவிட்டது. அதில் சோறு வேகவில்லை. குளித்தால் உடல் அரிக்கிறது என்றனர். நல்ல நீருக்காக நெடுந்தொலைவு நடந்தனர். நடந்த நாளின் கூலி போயிற்று. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலின் எதிரே பந்தலிட்டு அமர்ந்தனர். அவர்களுள் முன்நின்றவர் மயிலம்மா என்னும் இரவாளர் குலப் பெண்மணி. மழை குறைந்ததே நீர் குறைந்ததற்குக் காரணம் என்றும், தன் ஆலையால் கேடு விளையவில்லை என்றும் நிறுவனம் மறுத்துரைத்தது.

அமெரிக்கப் பொதுவாழ்வில் போரும் செல்வமும் சமயமும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதுபற்றி அந்நாட்டு அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். நாம் அந்த வழக்கைப் பிளாச்சிமடையின் கிணற்றடியிலிருந்து பார்க்க விரும்புகிறோம். அங்கு வந்த பானத்தின் வரலாற்றிலேயே மூன்றும் அடங்கியிருப்பதுதான் காரணம்.

அப்பானத்தின் கதை ஒரு போர்க்காயத்தில் தொடங்குகிறது. ஜான் பெம்பர்டன் என்ற மருந்து வணிகர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் சேர்ந்து போரிட்டவர். 1865 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் நடந்த சண்டையில் காயமுற்று, வலி தணிக்கும் மார்பினுக்கு அடிமையானார். அதற்கு மாற்றுத் தேடியவர் முதலில் ஆக்கியது மது கலந்த ஒரு பானம். ஆயின் அவர் வாழ்ந்த அட்லாண்டா நகரில் திருச்சபைகளின் துணையோடு மதுவிலக்கு இயக்கம் வலுத்து, விலக்கு நடைமுறைக்கு வரவிருந்தது. மதுவை நீக்கிச் சர்க்கரைப் பாகு சேர்த்து 1886 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டதே கோகோ கோலா.

அடுத்து அதை உடைமையாக்கி, 1892 ஆம் ஆண்டில் நிறுவனமாக அமைத்த ஆசா காண்ட்லர் மெதடிஸ்ட் சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். அவருடைய உடன்பிறந்தார் வாரன் காண்ட்லர் அச்சபையின் பேராயர். 1914 ஆம் ஆண்டில், சபை நடத்தவிருந்த பல்கலைக்கழகத்திற்கென்று ஆசா காண்ட்லர் 10 லட்சம் டாலர் வழங்கினார். இன்றைய எமரி பல்கலைக்கழகம் அட்லாண்டாவில் எழுந்தது அக்கொடையால்தான். கொடையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஈட்டிய செல்வம் இறைவன் தன்னிடம் ஒப்படைத்த பொருள், அதை அறத்திற்குத் திருப்பித் தருவதே கடமை என்ற எண்ணம் அந்நாட்டுச் செல்வர் பலரிடம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அவ்வெண்ணம் செல்வத்தைச் செலவிடும் முறையைப்பற்றியே பேசுகிறது. அது வந்த வழியைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

பின்னர் மற்றொரு போர் வந்தது. 1941 ஆம் ஆண்டில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது, படைவீரன் எங்கிருந்தாலும், நிறுவனத்திற்கு என்ன செலவானாலும், ஐந்து சென்ட் விலையில் அவனுக்கு இப்பானம் கிடைக்கவேண்டும் என்று தலைவர் ராபர்ட் உட்ரஃப் ஆணையிட்டார். நாட்டில் சர்க்கரைக்குப் பங்கீடு நிலவிய காலத்திலும் படைக்குச் செல்லும் பானத்திற்கு அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. 1943 ஜூனில் வட ஆப்பிரிக்காவிலிருந்த தளபதி ஐசனோவர் 30 லட்சம் புட்டிகளும் 10 ஆலைகளுக்குரிய கருவிகளும் கேட்டுத் தந்தி அனுப்பினார். போர் முடிவதற்குள் 64 ஆலைகள் கடல் கடந்து சென்றன. பின்னாளில் அந்நிறுவனம் உலகெங்கும் கால்கொள்ள அவையும் ஓர் அடித்தளமாயின. இது நாட்டுத் தொண்டா, வணிகமா? களத்தில் களைத்திருந்த இளைஞன் கைக்கு வந்த குளிர்ந்த புட்டியில் இரண்டும் கலந்தே இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் மனநிலையில் அப்போது எவரும் இல்லை.

விந்தை என்னவெனில், தந்தி அனுப்பிய அதே ஐசனோவர்தாம் குடியரசுத் தலைவராகப் பதவி விட்டிறங்கும் வேளையில், 1961 ஜனவரி 17 அன்று, படைத்துறையும் படைக்கலத் தொழிலும் ஒன்றுகூடி நாட்டின் முடிவுகளை ஆளத் தொடங்குவதுபற்றித் தம் மக்களை எச்சரித்தார். கடவுளை நம்புகிறோம் என்பது நாட்டின் குறிக்கோளுரை என்று 1956 ஆம் ஆண்டில் சட்டமானதும் அவர் கையொப்பத்தால்தான். மறு ஆண்டிலிருந்து அவ்வுரை காகித நாணயத்திலும் ஏறியது. அரசு எந்தச் சமயத்தையும் நிறுவலாகாது என்று 1791 ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்ட நாடு அது. கடவுளின் பெயரைக் கோயிலில் காண்பது இயல்பு. பணத்தாளில் காணும்போது, பெயரால் பணம் தூய்மை பெறுகிறதா, பணத்தால் பெயர் மங்குகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இக்கேள்விகளை அமெரிக்கருள் அஞ்சாது ஒருங்கே எழுப்பியவர் மார்ட்டின் லூதர் கிங். அவரும் அட்லாண்டா நகரத்தவரே. அவரும் சமயப் போதகரே. நோபல் பரிசு பெற்று மீண்ட அவருக்கு 1965 ஜனவரியில் அந்நகரில் விருந்து ஏற்பாடாயிற்று. வெள்ளையரான வணிகப் பெருமக்கள் பலர் வரத் தயங்கியபோது, அவர்களை வரச்செய்ததில் கோகோ கோலா நிறுவனத் தலைவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் நகரத் தேவாலயமொன்றில் நின்று அவர் வியட்நாம் போரைக் கண்டித்தார். ஏழைகளுக்குச் சேரவேண்டிய பொருளைப் போர் விழுங்குகிறது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. பெரிய நாளேடுகள் கடிந்துரைத்தன. உடன் உழைத்தோருள்ளும் சிலர் விலகி நின்றனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று, மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்று அவர் ஆற்றிய இறுதி உரையில், கருப்பரை வேலைக்கமர்த்துவதில் நேர்மையாக நடக்காத நிறுவனங்களின் பொருள்களை அந்நகரில் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் பெயர் சொல்லிக் குறித்தவற்றுள் கோகோ கோலாவும் ஒன்று. மறுநாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விருந்துக்குத் துணைநின்றவர்களின் பொருளையே வாங்காதீர்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. பெற்ற நன்மைக்காக நீதிக் கேள்வியை அடக்கிக்கொள்ளவேண்டும் என்று அவர் கருதவில்லை.

இனிப் பிளாச்சிமடைக்குத் திரும்புவோம். இங்கும் கொடை ஒன்று இருந்தது. ஆலைக் கழிவின் வண்டலை உரமென்று சொல்லி உழவர்க்குக் கொடுத்து வந்தனர். 2003 ஜூலையில் பிரிட்டிஷ் வானொலியின் நிகழ்ச்சியொன்றுக்காக அவ்வண்டலின் மாதிரி எடுக்கப்பட்டு, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டபோது, அதில் ஈயமும் காட்மியமும் இருப்பது தெரியவந்தது. வானொலிப் பணியின் பயன்பற்றி ஐயுறுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்ளலாம்.

ஊராட்சியும் மனம் மாறி, அவ்வாண்டிலேயே உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றம் சென்றது. 2003 டிசம்பர் 16 அன்று தனி நீதிபதி, நிலத்தடி நீர் சமுதாயத்தின் பொதுச்செல்வம், அரசு அதன் காவலரே, நிலம் வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் அதை வரம்பின்றி எடுக்கலாகாது என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இருவர் அடங்கிய அமர்வு, நில உடைமையாளர்க்கு நியாயமான அளவு நீர் எடுக்க உரிமையுண்டு எனக் கூறி, வல்லுநர் ஆய்வின் அடிப்படையில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க இசைந்தது. ஆனால் ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டிருந்தது, மீண்டும் ஓடவில்லை. மேல்முறையீடு உச்சநீதிமன்றத்தில் இருக்கையில், 2017 ஆம் ஆண்டில், அங்கு மீண்டும் உற்பத்தி செய்யும் எண்ணமில்லை என்று நிறுவனம் தெரிவித்தது. வழக்கு முடிந்தது, நிலத்தின் அடியிலுள்ள நீர் யாருடையது என்ற கேள்விக்கு அவ்வழக்கில் இறுதி விடை பிறக்கவில்லை.

இவ்வளவும் அயலார் குற்றம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. கோடைதோறும் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் பேரறமாகக் கொண்டது நம் சமுதாயம். அதே சமுதாயத்தில், பந்தல் வைத்த பெருந்தனக்காரரின் கிணற்றில் ஊரின் ஒரு பகுதியார் கயிறு போட முடியாதிருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. சத்திரமும் கோபுரமும் கட்டியவர் எவர் உழைப்பால் கட்டினார் என்று கல்வெட்டில் பொறிப்பதில்லை. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தேயிலை பறிக்கும் நம்மவர், தோட்டத்து ஆண்டு விழாக்களில் வழங்கப்படும் இனிப்பையும் அறிவார்கள், தம் கூலிச் சீட்டையும் அறிவார்கள். அமெரிக்கரிடம் நாம் கேட்கும் கேள்வியை இங்கும் கேட்டாகவேண்டும்.

பிளாச்சிமடை மக்கள் கேட்டது கொடையன்று, இழப்பீடு. 2010 ஆம் ஆண்டில் கேரள அரசின் உயர்நிலைக் குழு, மண்ணுக்கும் நீருக்கும் உடல்நலத்துக்கும் நேர்ந்த கேட்டை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. அதைப் பெற்றுத்தரத் தனி நடுவர் மன்றம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றிற்று. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. முன்நின்ற மயிலம்மா 2007 ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். 2023 ஆம் ஆண்டில், ஆலை நின்ற நிலத்தையும் கட்டடத்தையும் மாநில அரசுக்கு விலையின்றித் தர நிறுவனம் முன்வந்தது என்று நாளேடுகள் எழுதின. அப்போதும் அந்த இழப்பீடு மக்கள் கைக்கு வந்திருக்கவில்லை.