கூப்பன் இருக்கு; ஆனா செல்லாது!

தள்ளுபடிக் கடையில் பில்லைப் பார்க்காமல் நகராதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் தி.நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. "பாதி விலை", "2 வாங்கினால் 1 இலவசம்" என்று பார்க்கிற பக்கமெல்லாம் பலகை!

சென்ற ஆடியில் நானும் அங்குள்ள ஒரு பெரிய கடைக்குப் போனேன். கையில் 200 ரூபாய் கூப்பன். பொங்கலுக்குத் துணி எடுத்தபோது அதே கடையில் கொடுத்தது.

அரை மணி நேரம் கியூவில் நின்று கூப்பனை நீட்டினேன்.

"இது செல்லாது சார்."

"ஏம்ப்பா? தேதி இன்னும் இருக்கே!"

"2 ஆயிரத்துக்கு மேல வாங்கணும் சார். தள்ளுபடி சரக்குக்கும் கிடையாது. பின்னாடி போட்டிருக்கு பாருங்க."

திருப்பிப் பார்த்தேன். எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்தது! ஆடி மாதத்தில் அந்தக் கடையில் தள்ளுபடி இல்லாத சரக்கு ஏது?

பில்லைப் பார்த்தால் இன்னொரு அதிர்ச்சி! ரேக்கில் 99 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்த எவர்சில்வர் டப்பாவுக்கு 149 ரூபாய் போட்டிருந்தார்கள்.

"ஆஃபர் நேத்தோட முடிஞ்சிடுச்சு சார். சீட்டை எடுக்க மறந்துட்டாங்க."

சீட்டை எடுக்க மறந்தவர்கள், பில்லில் விலையை ஏற்ற மட்டும் மறக்கவில்லை!

"அதான் சீட்டுல போட்டிருக்கே, அந்த விலைக்குக் கொடுங்க" என்று பின்னால் நின்ற அம்மாவும் குரல் கொடுத்தார். மேனேஜர் ஓடி வந்தார். 50 ரூபாய் திரும்பி வந்தது. கூப்பன் மட்டும் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

கணக்குப் போடுங்கள்

"50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" என்றால் 70 சதவீதம் அல்ல. 1,000 ரூபாய் துணி முதலில் 500 ஆகும். 20 சதவீதம் கழிவது அந்த 500-ல்தான். நீங்கள் கொடுப்பது 400. ஆக, தள்ளுபடி 60 சதவீதமே!

புள்ளி அட்டையும் இப்படித்தான். 100 ரூபாய்க்கு 1 புள்ளி, ஒரு புள்ளிக்கு 50 காசு என்றால், 10 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் கிடைப்பது வெறும் 50 ரூபாய்!

சட்டம் என்ன சொல்கிறது?

பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது.

கொடுக்கும் எண்ணம் இல்லாமல் பரிசு அறிவிப்பது, விலையில் சேர்த்துவிட்டு "இலவசம்" என்பது, பில் தர மறுப்பது — இவை எல்லாமே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம்.

புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். ரேக்கில் உள்ள சீட்டைச் செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். பில்லைக் கவுண்ட்டரிலேயே சரி பாருங்கள்.

"பின்னாடி நிக்கறாங்க, சீக்கிரம் சார்" என்று விரட்டுவார்கள். விரட்டட்டும். காசு உங்களுடையது!