முடிவு தெரிந்த களம்

காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் படுகளம் காண வருவோர் அனைவருக்கும் துரியோதனன் வீழ்வான் என்பது முன்பே தெரியும். ஆயினும் கூட்டம் குறைவதில்லை. தொலைக்காட்சி மல்யுத்தமும் அத்தகையதே. அது போட்டியன்று, கேளிக்கையே என 1989-இல் நியூஜெர்சி மேலவையில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. எனவே, 'எல்லாம் பொய்' என்ற ஏளனத்துக்குப் பொருளில்லை. கதை பொருந்துகிறதா என்பதே கேள்வி.

2025 மார்ச் 1 அன்று டொராண்டோவில் ஜான் சீனா, கோடி ரோட்ஸைத் தாக்கி, இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தாங்கிய நாயக வேடத்தைத் துறந்தார். ஏப்ரலில் 17-ஆவது உலகப் பட்டமும் வென்றார். ஆனால், அவரைத் தூண்டிய ராக் அதன்பின் அக்கதையில் தோன்றவில்லை. ஆகஸ்டில் சீனா மீண்டும் நல்லவரானார். காரணம் தெளிவாகச் சொல்லப்படாத துரோகம் நெஞ்சைத் தொடவில்லை.

டிசம்பர் 13 அன்று, வாஷிங்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில், 'ஒருபோதும் கைவிடாதே' என்று முழங்கிவந்த அதே சீனா, குந்தரின் பிடியில் கைதட்டித் தோல்வியை ஏற்றார். ரசிகர்கள் கொதித்தனர். அந்தக் கொதிப்பே கதையின் வெற்றி. பல்லாண்டு முழக்கம்தான் அத்தட்டலுக்கு எடை தந்தது. நம் கூத்தில் பல இரவுகள் பகையை வளர்த்த பின்பே படுகளம் வருகிறது. அந்தப் பொறுமையைத்தான் மல்யுத்தக் கதாசிரியர்களிடம் ரசிகர்கள் கேட்கிறோம்.