பியாஸ் நதிக்கரையில் அம்மாவும் நானும்

அம்மாவுக்கு வயது 64. மலை என்றால் அவருக்குக் கேமரன் மலைதான். "ஒரு தடவையாவது பனியைக் கையில அள்ளிப் பாக்கணும்மா" என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வானொலியில் 'ரோஜா' பாடல்களை நான் எத்தனையோ முறை ஒலியேற்றியிருக்கிறேன். 1992-இல் வந்த அந்தப் படத்தில் நாம் காஷ்மீர் என்று நம்பிப் பார்த்த சில காட்சிகள் மணாலியில் எடுக்கப்பட்டவை. சரி, அங்கேயே போகலாம் என்று 2024 மே மாதக் கடைசியில் கிளம்பினோம்.

டில்லியிலிருந்து மணாலிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். இரவுப் பேருந்து எடுத்தோம். முதுகு வலி உள்ளவர்கள் விமானத்தில் பூந்தர் வரை போய், அங்கிருந்து 50 கிலோமீட்டர் காரில் போவது நல்லது. விடிந்தபோது சன்னலுக்கு வெளியே பியாஸ் நதி. சாம்பல் கலந்த பச்சை நிறம், கொதிப்பது போன்ற இரைச்சல். பல இடங்களில் சாலையின் ஓரம் ஆற்றுக்குள் சரிந்து கிடந்தது. 2023 ஜூலை வெள்ளம் விட்டுப்போன அடையாளம்.

மணாலி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடைத்தெருவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாச் சுற்றுலா ஊரிலும் இருக்கும் அதே கூட்டம். ஆனால் தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கும் ஹிடிம்பா கோயிலை விட்டுவிடாதீர்கள். 1553-இல் மரத்தால் கட்டப்பட்டது, நான்கு அடுக்குக் கூரை. பீமனின் மனைவி, கடோத்கஜனின் தாய், நம் கதைகளில் வரும் அதே இடும்பிதான் தெய்வம். "நம்ம காவடி இடும்பனுக்கு இவங்க சொந்தமா?" என்று அம்மா கேட்டார். அது வேறு கதை என்று விளக்கினேன். அவருக்குத் திருப்தி இல்லை.

நான் தப்பு செய்தது இரண்டாம் நாளில். ரோத்தாங் கணவாய் 3,978 மீட்டர். தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்களுக்குத்தான் அனுமதிச் சீட்டு, எங்களுக்குக் கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில், சமவெளியிலிருந்து வந்த உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறந்தேன். மர்ஹியை நெருங்கும்போதே அம்மாவுக்குத் தலைவலி. பிறகு வாந்தி. ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பினார். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, அண்ணே" என்று எனக்குத் தெரிந்த சினிமா இந்தியில் கெஞ்சினேன். "மாதாஜிக்கு மேலே மருந்து இல்லை, கீழேதான் மருந்து" என்றார். கீழே இறங்க இறங்க அம்மாவின் முகம் தெளிந்தது. நான் கெஞ்சியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முழுக்க ஆற்றோரம். விடுதிக்காரர் வீட்டில் சித்து கொடுத்தார்கள். கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து நெய்யோடு தருவது. அம்மா மூன்று சாப்பிட்டார். உடம்பு சரியாகிவிட்டது என்று புரிந்தது. பியாஸின் பழைய பெயர் விபாசா. பிள்ளைகளை இழந்த வசிட்டர் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆற்றில் குதிக்க, நதி கட்டை அவிழ்த்துக் கரை சேர்த்ததாம். வசிட்டர் பெயரிலேயே அருகில் ஓர் ஊர், வெந்நீர் ஊற்றோடு இருக்கிறது.

கதை கேட்ட உற்சாகத்தில், படம் எடுக்க ஒரு பாறையில் கால் வைத்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிந்தது. ஓட்டுநர் சத்தம் போட்டார். காலையில் அடங்கியிருக்கும் ஆறு, வெயிலில் பனி உருக உருகப் பிற்பகலில் ஏறும். அணைகளுக்குக் கீழே இன்னும் ஆபத்து. 2014 ஜூன் 8 அன்று, மண்டி மாவட்டத்தில் இதே ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், அணையிலிருந்து திறந்துவிட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் கரையிலேயே உட்காருங்கள். அங்கிருந்தே ஆறு நன்றாகத் தெரியும்.

நான்காம் நாள், கணவாய்க்கு ஏறாமல் அதன் அடியில் போகும் அடல் சுரங்கப்பாதை வழியாகப் போனோம். 2020 அக்டோபரில் திறந்தது, 9.02 கிலோமீட்டர். இந்தப் பக்கம் பைன் மரமும் ஆப்பிள் தோட்டமும். அந்தப் பக்கம் வெளியே வந்தால் மொட்டைப் பாறை, நீல வானம், சந்திரா நதி. அந்த நதி போய்ச் செனாப் ஆகிறது. பத்து நிமிடத்தில் வேறு நாட்டுக்கு வந்த மாதிரி. உயரம் 3,100 மீட்டர்தான். அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை.

கோக்சர் போகும் வழியில், நிழல் விழும் ஒரு பள்ளத்தில் உருகாமல் கொஞ்சம் பனி கிடந்தது. மண் படிந்து, பார்க்க ஒரு மாதிரிதான். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார். அம்மா மேல் மண்ணை விலக்கி, இரு கையாலும் அள்ளினார்.

"என்னம்மா, எப்படி இருக்கு?"

"ஐஸ் காச்சாங் மாதிரிதான் இருக்கு. சிரப்புதான் இல்ல" என்றார். ஆனால் கை சிவக்கும்வரை கீழே போடவில்லை.