விடைத்தாளில் புரண்ட சங்கு

பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்து விடைத்தாள் திருத்தும் நாட்கள் வந்துவிட்டால், விலங்கியல் ஆசிரியர்களின் அறையில் சிரிப்புக்குப் பஞ்சமிராது. ஒருவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துப் படிப்பார். மற்றவர்கள் தத்தம் சேமிப்பிலிருந்து வேறொன்றை எடுத்து விடுவார்கள். தூத்துக்குடிக் கடற்கரைக்கு மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் சென்று பழகிய எனக்கு இந்தச் சேமிப்பு சற்று அதிகம்.

முயல் தீவுக் கரையில் ஒருமுறை ஒரு மாணவர் வெண்மையான, நீள்வட்டமான, கையால் சுரண்டினால் மாவாக உதிரும் ஒரு பொருளைக் கண்டெடுத்தார். அதை என்னவென்று அழைப்பார்கள் என்று அங்கிருந்த மீனவரிடம் கேட்டார். ‘கடல் நுரை’ என்று பதில் வந்தது. மறுநாள் அவருடைய பதிவேட்டில் இப்படி இருந்தது: ‘கடல் நுரை – அலையின் நுரை வெயிலில் காய்ந்து இறுகியதால் உண்டாவது. சான்று: நீரில் மிதக்கிறது.’

மிதக்கிறது என்று சோதித்துப் பார்த்தாரே, அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அந்தக் கடல் நுரை, உண்மையில் கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு. சுண்ணாம்பாலான மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்து, இடையிடையே நுண்ணிய அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளில் வாயுவும் திரவமும் உண்டு. திரவத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கணவாய் கடலில் மேலும் கீழும் தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது. மிதப்பதற்கென்றே அமைந்த உறுப்பு மிதந்ததில் வியப்பில்லை.

கடலட்டையின் கதையும் இப்படித்தான். ‘அட்டை’ என்ற சொல்லைக் கேட்டதுமே ஒருவர் அதற்கு இரு முனைகளிலும் உறிஞ்சிகள் வரைந்து, வளைதசைப் புழுக்களின் தொகுதியில் சேர்த்து, ‘மீன்களின் இரத்தத்தை உறிஞ்சும்’ என்றும் எழுதிவிட்டார். பாவம், கடலட்டை மணலையும் சேற்றையும் விழுங்கி அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்று வாழும் சாது. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான முட்தோலி அது. (இப்போது அதை ஆய்வகத்துக்கு எடுத்து வரவும் முடியாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டதால், பிடிப்பதே குற்றம்.)

இதைக் கேட்டு அறையில் எல்லோரும் சிரித்தபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “எஷ்ஷோல்ட்ஸ் செய்ததை மறந்துவிட்டீர்களா?” என்றார். மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கு அருகேயுள்ள குருசடைத் தீவின் மணலில் வாழும் டைக்கோடெரா ஃபிளேவா என்னும் புழு போன்ற உயிரியைப் பார்ப்பதற்கென்றே விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போனதுண்டு. முதுகெலும்பிகளின் உறவினரான அரைநாணி அது. 1825இல் அதற்கு முதன்முதலில் பெயரிட்டவர் எஷ்ஷோல்ட்ஸ். அவர் அதைக் கடலட்டை வகை என்றே எண்ணினார்! நம் மாணவர் கடலட்டையைப் புழு என்றார். அந்த அறிஞர் புழுவடிவ உயிரியைக் கடலட்டை என்றார். மதிப்பெண் போட்டால் இருவருக்கும் ஒன்றுதான்.

துறைமுகத் தூண்களிலும் தோணிகளின் அடியிலும் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசுகளைச் ‘சிப்பி இனம்’ என்று எழுதாத மாணவர் குறைவு. சுண்ணாம்பு ஓடு இருக்கிறது, இடம்விட்டு நகர்வதில்லை, வேறென்ன வேண்டும்? ஒப்பீட்டு உடலமைப்பியலின் தந்தை எனப்படும் பிரெஞ்சு அறிஞர் குவியேயும் அவற்றை மெல்லுடலிகளோடுதான் வைத்தார். அயர்லாந்தில் பணியாற்றிய ஜான் வாகன் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர் கடலில் வலைவிட்டு, நீந்தித் திரியும் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடித்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். அவை தோலுரித்து, ஒட்டிக்கொண்டு, கொட்டலசுகளாக மாறின. கொட்டலசு இறால், நண்டு ஆகியவற்றின் இனம் என்று 1830இல் அவர் வெளியிட்டார். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களால் உணவை வாய்க்குள் தள்ளும் இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குவியே இன்னொன்றும் செய்தார். ஆர்கொனாட் என்னும் கடலுயிரியின் பெண்ணிடம் உறிஞ்சிகள் நிறைந்த ஒரு ‘ஒட்டுண்ணிப் புழு’வைக் கண்டு, 1829இல் ஹெக்டோகாட்டிலஸ் என்று பெயர் சூட்டினார். நூறு கிண்ணங்கள் உடையது என்று பொருள். அது புழுவே அன்று. மிகச் சிறிய ஆண் ஆர்கொனாட், இணையும்போது விந்தணுக்களோடு பெண்ணிடம் கழற்றிவிட்டுப் போகும் கை! பெயர் மட்டும் இன்றும் அந்தக் கைக்கே நிலைத்துவிட்டது.

இனி முத்துக்கு வருவோம். ‘சிப்பிக்குள் மணல் துகள் விழுந்தால், உறுத்தல் தாங்காமல் அது முத்தாக மாற்றுகிறது.’ இந்த விடைக்கு யாரும் சிரிப்பதில்லை. முழு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். தூத்துக்குடிக்கு அப்பால் தொலாயிரம் பார் போன்ற பார்களில் கிடக்கும் முத்துச்சிப்பியைச் சுற்றி எப்போதும் மணல்தான். விழும் துகள்களை அது சளியில் பொதிந்து வெளியே தள்ளிவிடுகிறது. மணலால் முத்து விளையுமானால் ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்து சில முத்துக்களைத் தேட வேண்டியிருந்திருக்காது. 1902இல் இலங்கைப் பார்களை ஆராய வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், சிப்பியின் உடலில் காணப்பட்ட நாடாப்புழு லார்வாக்களே நல்ல முத்துக்குக் காரணம் என்று முடிவு கட்டினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதையும் ஏற்கவில்லை.

ஓட்டின் உட்புறத்துக்குப் பளபளப்பைத் தருவது சிப்பியின் மேன்டில் என்னும் மென்போர்வை. அதன் மேல்தோல் அணுக்கள் ஏதோ காரணத்தால் இடம்பெயர்ந்து உடலுக்குள் புகுந்தால், அங்கே ஒரு பையாக வளர்ந்து, அதே பளபளப்புப் பொருளை உள்நோக்கிச் சுரக்கின்றன. அதுவே முத்து. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி உருண்டை முத்துக்களை வளர்த்துக் காட்டியதும் இந்த வழியில்தான். ஓட்டில் கடைந்த மணியோடு, இன்னொரு சிப்பியின் மேன்டில் துண்டையும் சேர்த்து உள்ளே வைக்க வேண்டும். துண்டில்லாமல் வெறும் மணியை வைத்தால் முத்து விளையாது.

கடைசியாக, என் சேமிப்பில் நான் யாருக்கும் படித்துக் காட்டாத ஒன்று. ‘சங்கின் ஓடு எத்திசையில் சுருண்டுள்ளது?’ என்பது கேள்வி. விடைக்குறிப்பில் ‘வலஞ்சுழி’ என்றிருந்தது. ஒரு மாணவர் ‘இடம்புரி’ என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்து, ‘வலம்புரி’ என்று திருத்தமும் எழுதினேன். தாளைப் பார்த்துவிட்டு அவர் வந்து நின்றார்.

“ஸார், எங்கப்பா இருபது வருசமா சங்கு குளிக்கிறாங்க. ஒரு வலம்புரிகூட அவங்க கைக்கு வந்ததில்ல. அப்படிக் கிடைச்சிருந்தா நாங்க ஏன் ஸார் அந்த ஓலை வீட்டுல இருக்கோம்?”

இரவெல்லாம் ஒரு சங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விலங்கியலார் சங்கின் கூர்முனையை மேலே வைத்து, வாயைத் தம் பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள். சாதாரணச் சங்கின் வாய் அப்போது வலப்பக்கம் இருக்கும், ஆகவே வலஞ்சுழி. நம்மவர்களோ நீர் வார்க்கும்போது பிடிப்பதுபோல, கூர்முனையைத் தம்மை நோக்கியும் நீளும் மூக்கை எதிரேயும் வைத்துப் பார்க்கிறார்கள். அதே வாய் இப்போது இடப்பக்கம்; ஆகவே இடம்புரி. புரியின் போக்கு சாதாரணத் திருகாணியின் போக்குத்தான். திருகாணியைப் போலவே, எப்படிப் புரட்டினாலும் அது மாறுவதில்லை. அரிதினும் அரிதான வலம்புரிதான் விலங்கியல் நூலில் ‘இடஞ்சுழி’. அகராதியை நம்பி நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். அவருக்குரிய மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

அந்தப் பழக்கத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, கோயிலூர்க் கடையொன்றில் நல்ல விலை கொடுத்து வாங்கிய என் வலம்புரிச் சங்கையும் கொண்டுபோனேன். “அண்ணாச்சி, இதைப் பாருங்க” என்று அவருடைய தந்தையிடம் நீட்டினேன். அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. விரலை வாய்க்குள் விட்டு நடுத்தண்டைத் தடவினார்.

“நம்ம கடல் சங்கு இல்ல ஸார். உள்ள வரி இல்லியே.”

நம் சங்கான டர்பினெல்லா பைரத்தின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும். நான் வாங்கியது அமெரிக்கக் கரைகளில் வாழும் ‘லைட்னிங் வெல்க்’ என்ற வேறொரு நத்தையின் ஓடு. அந்த இனத்தில் இடஞ்சுழியே இயல்பு. அரிதும் அன்று, சங்கும் அன்று.

அது இப்போது எங்கள் ஆய்வகத்து அலமாரியில், பெயர்ச்சீட்டோடு இருக்கிறது. வாங்கிய விலையையும் சீட்டில் எழுத வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். எழுதவில்லை.