பேதி கண்ட பிள்ளைக்குப் பட்டினி வேண்டாம்

2024 ஜூன் மாதம் கொச்சியை அடுத்த காக்கநாட்டில், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அவதிப்பட்டார்கள். குழந்தைகளும் தப்பவில்லை. குடிநீர் மாதிரிகளில் கோலிஃபார்ம் பாக்டீரியா இருந்தது தெரியவந்தது. இன்ஃபோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கும் ஊர் அது. படித்தவர்கள் நிறைந்த பகுதி. ஆனாலும் குழந்தைக்குப் பேதி என்றதும் வாட்ஸ்அப்பிலும் அக்கம்பக்கத்திலும் வரும் யோசனைகளில் எது சரி, எது தவறு என்ற தடுமாற்றம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அடிக்கடி காதில் விழும் சிலவற்றைப் பார்ப்போம்.

“வயிற்றைக் காயப்போட்டால் நின்றுவிடும்”

நிற்காது. பேதியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாவது, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். பட்டினி போட்டால் பிள்ளை மேலும் துவளும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் கஞ்சி, இட்லி, தயிர்சாதம், மசித்த வாழைப்பழம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

“பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது”

பல் முளைப்பதால் கடும் பேதி வராது. அந்த வயதில் குழந்தை தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். கிருமி உள்ளே போவது அப்படித்தான். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்க அழைத்துப்போவதும் வீண். தொண்டையில் விரல் விட்டால் காயம் படலாம், அதோடு சிகிச்சைக்கான நேரமும் கழிந்துவிடும்.

“கடையில் விற்கும் பழச்சுவைப் பானமே போதும்”

போதாது. சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். பேதிக்குத் தர வேண்டியது ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-குளுக்கோஸ் கரைசல். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு இனிப்புப் பானங்கள் விற்கப்பட்டதால்தான், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களில் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரானது என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இந்தக் கரைசலை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள்.

இந்தக் கரைசலின் வலிமையை 1971-இல் உலகுக்குக் காட்டியவர் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ். வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்களின் கையாலேயே புகட்டச் செய்து, ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

“மருந்து கொடுத்து உடனே கட்ட வேண்டும்”

பேதியைக் கட்டும் பெரியவர்களுக்கான மாத்திரை சிறு குழந்தைக்கு ஆபத்தானது. குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் அதற்கு எடுபடாது. மருத்துவர் எழுதித்தரும் துத்தநாக மருந்தை, இடையில் பேதி நின்றுவிட்டாலும், மொத்தம் 14 நாட்கள் கொடுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14-ஆவது வாரங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. தவறவிடாதீர்கள்.

“தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது”

கிருமி கண்ணுக்குத் தெரியாது. கிணறு, ஆழ்துளைக் கிணறு, டேங்கர் லாரி என எங்கிருந்து வந்த நீரானாலும் கொப்பளித்துக் கொதிக்க வேண்டும். கேரளத்தில் பதிமுகம் என்ற மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சிய நீர் குடிப்பது நல்ல பழக்கம். ஆனால் சூடு ஆற அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் காய்ச்சியதே வீண். குடியிருப்புச் சங்கங்கள் தொட்டிகளைக் கழுவிக் குளோரின் இட்டு, நீரைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்கு?

கண் குழிவிழுதல், கண்ணீரில்லாத அழுகை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, மயக்கம் போன்ற சோர்வு, மலத்தில் இரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்குக் கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104.

இன்றே இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை வாங்கி வீட்டில் வையுங்கள். யார் என்ன சொன்னாலும், பேதி கண்ட பிள்ளைக்குப் பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள்.