உங்களுக்குத் தெரியுமா? சின்னக் கல்லூரி பேஸ்பால் கோச்சுகள்

கிரிக்கெட் கோச் டிராக் சூட்டில் நிற்பார், கால்பந்து கோச் கோட்டு சூட்டில் நிற்பார். அமெரிக்க பேஸ்பாலில் வழக்கமே வேறு. எழுபது வயதுக் கோச்சும் பதினெட்டு வயதுப் பையன்கள் போடுகிற அதே சீருடையைப் போட்டுக்கொண்டுதான் வருவார். பெரிய லீக் தொடங்கி ஊர்க் கோடியில் இருக்கிற கல்லூரி வரைக்கும் இப்படித்தான்.

அவர் கையில் இருக்கிற பேட் மட்டும் வேறு. அதன் பெயர் ஃபங்கோ. நீளமாக, ஒல்லியாக, எடை குறைவாக இருக்கும். ஒரு கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, அது கீழே வருவதற்குள் இரண்டு கையாலும் அடிப்பார். ஃபீல்டிங் பயிற்சிக்கு நூற்றுக்கணக்கான பந்து அடித்தாலும் தோள் அவ்வளவாக வலிக்காது. ஆட்டத்தில் இந்த பேட்டுக்கு வேலையே கிடையாது.

மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கும் கோச் மூக்கைத் தொடுவார், தொப்பியைத் தொடுவார், பெல்ட்டைத் தடவுவார். பெரும்பாலும் அத்தனையும் எதிரணியைக் குழப்பத்தான். முன்கூட்டியே பேசிவைத்த ஒரு சைகைக்கு அடுத்து வருவது மட்டும்தான் உண்மையான உத்தரவு.

கல்லூரி விளையாட்டில் 'டிவிஷன் 3' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை தரக்கூடாது. பந்து வீசும் நல்ல பிட்சர் ஒருவனைக் கூப்பிடப் போகும் கோச்சிடம் கொடுக்கக் காசு இல்லை, சொல்ல வாக்கு மட்டும்தான் இருக்கிறது. அந்த வாக்கை நம்பி வந்த பையன்களை வைத்து ஜெயித்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவர்களில் ஒருவர் டான் ஷேலி. ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள மரியெட்டா கல்லூரியில் 1964 முதல் 2003 வரை 40 சீசன் இருந்தார். 1,442 வெற்றி, மூன்று தேசியப் பட்டம் (1981, 1983, 1986). இவரிடம் பயின்ற கென்ட் டெகுல்வி பெரிய லீக்கில் 1,050 ஆட்டங்களில் பந்து வீசினார். ஷேலிக்குப் பிறகு பொறுப்பேற்ற பிரையன் புரூவரும் அவரிடமே ஆடிய மாணவர்தான். அவர் காலத்தில் 2006, 2011, 2012 என்று இன்னும் மூன்று பட்டம் வந்தது.

ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்-கிளார்க் ஸ்டேட் கல்லூரியில் எட் செஃப் இருந்தது 34 ஆண்டு. வாங்கிய தேசியப் பட்டம் 16!

கோர்டி கில்லெஸ்பியின் கணக்கைப் பாருங்கள். லூயிஸ், செயின்ட் ஃபிரான்சிஸ், ரிப்பன் என்று மூன்று சின்னக் கல்லூரிகளில் சேர்த்து பேஸ்பாலில் மட்டும் 1,893 வெற்றி. இலையுதிர் காலம் வந்தால் இதே மனிதர் இல்லினாய் மாநிலம் ஜோலியட்டில் ஒரு பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து கோச்சாகிவிடுவார். 1975இலும் 1976இலும் அவருடைய கல்லூரி அணி பேஸ்பாலில் தேசியப் பட்டம் வாங்கியது, பள்ளி அணி கால்பந்தில் மாநிலப் பட்டம் வாங்கியது.

1994இல் கலிஃபோர்னியாவின் சதர்ன் கலிஃபோர்னியா காலேஜ் என்ற சிறு கல்லூரியின் கோச், ஐலா பார்டர்ஸ் என்ற பெண்ணை ஆண்கள் அணியில் பிட்சராகவே இறக்கினார். முதல் ஆட்டத்திலேயே 12-1 என்று வெற்றி.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கும் கோச் வேண்டுமே! நோபல் பரிசு பெற்றவர்கள் பாடம் நடத்தும் கால்டெக் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி 2003 முதல் தொடர்ந்து 228 ஆட்டங்களில் தோற்றது. 2013 பிப்ரவரி 2 அன்று பசிஃபிகா அணியை 9-7 என்று ஜெயித்தது. அதற்கு முந்தைய 228 ஆட்டத்துக்கும் யாரோ ஒரு கோச் அணிப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

1996 ஜனவரி, நாஷ்வில். ஆயிரக்கணக்கான பேஸ்பால் கோச்சுகள் கூடிய மாநாட்டில் ஜான் ஸ்கோலினோஸ் மேடை ஏறினார். கால் பாலி பொமோனா பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை டிவிஷன் 2 பட்டம் வாங்கித் தந்து ஓய்வுபெற்றவர். அவர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு ஹோம் பிளேட், அதாவது பேட் பிடிப்பவர் நிற்கும் இடத்தில் தரையில் பதிக்கும் தட்டு, தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சில் வெகுநேரம் வரை அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டார்: சிறுவர் லீக்கில் பிளேட்டின் அகலம் என்ன? 17 அங்குலம். பள்ளியில்? 17. கல்லூரியில்? 17. பெரிய லீக்கில்? அதே 17. பந்து அதன் மேல் போகவில்லை என்றால், பிட்சருக்காகப் பிளேட்டை அகலப்படுத்துவீர்களா என்று கேட்டார். விளையாட்டில் தொடங்கிய அந்தக் கேள்வியை அப்படியே வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோனார்.

ஒஹையோ வெஸ்லியன் கல்லூரியின் 1903ஆம் ஆண்டுக் கோச் ஒரு மாணவர்! வெளியில் காசு வாங்கிக்கொண்டு ஆடியதால் கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்த பிராஞ்ச் ரிக்கிதான் அவர். அவருடைய அணியில் கேட்சர் சார்லஸ் தாமஸ், கறுப்பின இளைஞர். சவுத் பெண்ட் நகருக்கு ஆடப் போனபோது ஓட்டலில் தாமஸுக்கு மட்டும் அறை இல்லை என்றார்கள். ரிக்கி விடவில்லை. வாதாடி, தன் அறையிலேயே ஒரு கட்டில் போட வைத்தார். அங்கே கண்ட காட்சியைக் கடைசி வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தாமஸ் அழுதுகொண்டே தன் கைத்தோலை உரித்துவிடுவதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சீருடையில் பெரிய லீக் மைதானத்தில் இறங்கி, கறுப்பினத்தவருக்குப் பல்லாண்டுகளாக இருந்த தடையை உடைத்தார். அவரை அணியில் சேர்த்த டாட்ஜர்ஸ் தலைவர் அதே பிராஞ்ச் ரிக்கி. சார்லஸ் தாமஸ் படித்துப் பல் மருத்துவரானார்.